இருபத்திரண்டு சாக்கு இலவம்பஞ்சு

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் பெண்பிள்ளை பிறந்தால், பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன்பே தகப்பன் வீடு கட்ட இடம் பார்க்கத் தொடங்கிவிடுவான். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு, கட்டில், அலுமாரி எல்லாம் பெண்ணுடையவை. மாப்பிள்ளை தன்னையும் ஒரு பெட்டியையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

றிஷானா பிறந்த கிழமை அவளுடைய வாப்பா ஸெய்னுதீன் தன் லொறியில் கருங்கல் ஏற்றி வந்து வளவு மூலையில் கொட்டினார். உம்மா ரிப்கா ஒரு சாக்கு இலவம்பஞ்சை வீட்டு முகட்டில் ஏற்றி வைத்தாள்.

ரிப்கா மெத்தை தைப்பவள். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து பஞ்சு எடுப்பாள், கொட்டையை நீக்குவாள், பிரம்பால் அடித்துப் பூவாக்குவாள், உறைக்குள் அடைத்துச் சாக்கூசியால் இழுத்துத் தைப்பாள். அவள் தைத்த மெத்தையில் ஒரு பள்ளம் பார்க்க முடியாது. அதில் படுத்த கிராம சேவகர் ஒருவர் நித்திரையிலேயே ஓய்வூதிய வயதை அடைந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அதைக் கட்டிவிட்டது யார் என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

ஒவ்வொரு வருசமும் இலவங்காய் வெடிக்கும் காலத்தில், வந்த பஞ்சில் வெள்ளையான ஒரு சாக்கைத் தெரிந்தெடுத்து முகட்டில் ஏற்றுவாள். பஞ்சு தட்டுப்பாடான வருசங்களிலும் அதில் கைவைக்கவில்லை. யாராவது அண்ணாந்து பார்த்தால், "அது என்ட மகள்ட மெத்த. கண்ண எடுங்க" என்பாள்.

றிஷானாவுக்கு இருபத்திரண்டு வயதில் கலியாணம் முடிந்தது. முகட்டிலிருந்து இருபத்திரண்டு சாக்கும் இறங்கின. ரிப்கா பதினொரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு தைத்தாள். சேர்க்கும்போதே அடித்து வைத்த பஞ்சுதானே என்று, பழைய சாக்குகளை மறுபடி பிரித்துப் பார்க்காமல் அப்படியே அடியில் கவிழ்த்தாள். மெத்தை எழும்பிய உயரத்தில், மாப்பிள்ளை ஏறுவதற்குக் கட்டிலடியில் முக்காலி வைக்கவேண்டியதாயிற்று. மேலே ஏறி நின்று பார்த்தால் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் தெரிகின்றன, பாதுகாப்புப் பிரச்சினை வரப்போகிறது என்று ஸெய்னுதீன் கலியாண வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லித் திரிந்தார்.

மாப்பிள்ளை அஸ்ஹான் மூதூர்ப் பிள்ளை. மீன் பொதி செய்து வெளியூருக்கு அனுப்பும் இடமொன்றில் வேலை. மெல்லக் கதைப்பவன், கதிரையில் இருந்தாலும் பாதிக் கதிரையில்தான் இருப்பான். கலியாணத்துக்கு மறுநாள் காலையில் அறையை விட்டு வெளியே வந்தவன் தும்மினான்.

தும்மியவர் அல்ஹம்துலில்லாஹ் என்றால், கேட்டவர் அல்லாஹ்வின் அருளை வேண்டிப் பதில் சொல்லவேண்டும் அல்லவா? வீட்டில் மூன்று பேரும் சொன்னார்கள். அவன் மறுபடி தும்மினான். மறுபடி சொன்னார்கள். இரண்டாம் கிழமை முடிவதற்குள் ஸெய்னுதீனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. காலைத் தேத்தண்ணீருக்கு முன்பே பன்னிரண்டு பதிலை முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டுத்தான் அவர் லொறியை எடுத்தார்.

சிரித்துக்கொண்டிருக்கத்தான் எல்லோருக்கும் விருப்பம். ஆனால் மூன்றாம் கிழமை தும்மல் நெஞ்சுக்குள் இறங்கியது. அஸ்ஹானுக்கு முட்டு வந்தது. விசில் ஊதுவதுபோல் மூச்சு இழுத்தது, கண் சிவந்தது, கன்னம் ஒட்டியது. கதிரையில் இருந்தபடியே அவன் நித்திரை கொள்வதை விடியற்காலைச் சுபஹுத் தொழுகை நேரம் ஒன்றில் ரிப்கா கண்டாள்.

"மகன், ஏன் கதிரையில?"

"சும்மா மாமி. காத்து நல்லா இரிக்கு."

மகளும் மருமகனும் பிணக்கோ என்று ரிப்கா நினைத்தாள். றிஷானாவைக் குசினிக்குள் இழுத்துக் கேட்டாள்.

"ஒரு சண்டையும் இல்ல உம்மா. படுத்தாத் தும்முறாரு, எழும்பினா இருமுறாரு. எனக்கு அவரப் பாக்கப் பயமா இரிக்கு."

இந்தச் செய்தி ஆற்றுப் பாலங்களைக் கடந்து மூதூருக்குப் போய்ச்சேர அரைநாள் போதுமாயிருந்தது. அஸ்ஹானின் உம்மா ஸுல்பிகா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். மகனின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். வீட்டின் வாசலைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், வாசலும் கிணறும் ஒன்றையொன்று பார்ப்பதையும் பார்த்தாள். பிறகு சம்பந்தி ரிப்காவின் பக்கம் திரும்பினாள்.

"மச்சி, கோவிக்காதீங்க. என்ட வீட்டில இருவத்தாறு வருசம் இவன் ஒரு இருமல் இருமல்ல. இந்த வீடு என்ட புள்ளைக்கு ஒத்துவரல்ல."

"வீடு என்ன செய்யும் மச்சி?"

"அது எனக்குத் தெரியா. நோன்புத் தலைப்பிற வரைக்கும் பாப்பன். சுகம் வரல்லெண்டா என்ட புள்ளய நான் கூட்டிட்டுப் போறன்."

கூட்டிக்கொண்டு போவது என்றால் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீடு பெண்ணுடையது. அந்த வீட்டில் இருக்க ஏலாத மாப்பிள்ளையோடு பெண் எங்கே வாழ்வது? கருங்கல் சுமந்து கட்டிய வீட்டைக் கையில் தூக்கிக்கொண்டா மூதூருக்குப் போவாள்? நோன்பு தொடங்கும் தலைப்பிறைக்கு இருபது நாள் இருந்தது.

அயல் அட்டமெல்லாம் வைத்தியம் சொன்னது. ஒருவர் கண்ணூறு என்றார். இன்னொருவர் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். மூன்றாமவர் கறுத்தக் கோழி சூப் என்றார். அந்தச் சூப்பில் அவருக்கும் ஒரு கோப்பை தேவைப்பட்டது. மெத்தை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வாய் வருமா? ரிப்காவின் வீட்டில் இருந்துகொண்டு ரிப்காவின் மெத்தையைக் குறை சொல்வதை விடக் கடலில் இறங்கி நேரே நடந்து போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த அஸ்ஹான், சாப்பிட்ட கையோடு விறாந்தையில் சீமெந்துத் தரையில் ஒரு பாயை விரித்து அப்படியே கண்ணயர்ந்தான். ரிப்கா வேலையை விட்டுவிட்டு அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசில் இல்லை, இழுப்பும் இல்லை, குழந்தைப் பிள்ளைபோல் மூச்சு. அசர்த் தொழுகைக்கு எழும்பி, உடுத்த சாரத்தை மாற்ற அறைக்குள் போனான். எண்ணினாள்: ஒன்பது தும்மல்.

பக்கத்தில் ஸெய்னுதீன் பல்லுக்குக் குச்சி குத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்று சொல்லவேண்டும்போல் இருந்தது; சொல்வதை ஊரில் 'செல்றது' என்பார்கள்.

"றிஷானாட உம்மா, ஒண்டு செல்லட்டா?"

"செல்லாதீங்க."

"நான் இன்னும் செல்லவே இல்லையே."

"நீங்க செல்லப் போறது எனக்குத் தெரியும். செல்லாதீங்க."

ஆனால் மெத்தை தைப்பவளுக்கும் சோதித்துப் பார்க்கும் புத்தி உண்டு. அன்று பின்னேரமே மெத்தையின் மூலைத் தையலைப் பிரித்து, ஒரு பிடி பஞ்சை எடுத்து, ஒரு கைலேஞ்சித் துணியில் முடிந்து, மருமகன் தேத்தண்ணீர் குடிக்கும் கதிரையின் கீழே ஒளித்தாள். அவன் வந்து இருந்தான். வாயில் வைத்த தேத்தண்ணீர் சுவரில் கோலம் போட்டது. மறுநாள் கதிரையின் கீழே வெறும் கைலேஞ்சியை வைத்தாள். அவன் அமைதியாகக் குடித்தான். மூன்றாம் நாள் மறுபடி பஞ்சு. இந்தமுறை தேத்தண்ணீர் ஸெய்னுதீனின் சேர்ட்டில்.

"இப்ப செல்லலாமா?" என்றார் அவர்.

ரிப்கா மகளையும் மருமகனையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போனாள்.

ஒவ்வாமை கிளினிக்கில் இருந்த டொக்டர் கீர்த்தனி அஸ்ஹானின் முன்கையில் சின்னச் சின்னத் துளியாக மருந்து வைத்து, ஊசி முனையால் தொட்டு, கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தார். ஒரு துளியின் இடத்தில் மட்டும் நுளம்பு பத்துத் தரம் கடித்ததுபோல் தடித்திருந்தது.

"தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணைக்குள்ள குடியிருக்கும். மெத்தை எவ்வளவு பழசு?"

"புத்தம் புதுசு டொக்டர்! நானே தைச்ச."

"பஞ்சு?"

ரிப்கா வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு முகடு, சாக்கு, இருபத்திரண்டு வருசம் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"அம்மா, இலவம்பஞ்சில குற்றம் இல்லை. உங்கட கையிலயும் குற்றம் இல்லை. முகட்டுத் தூசி, கடல் ஈரம், எலி, பூச்சி எல்லாம் இருபத்திரண்டு வருசம் அதுக்குள்ள போயிருக்கு. தெரியாமல் எல்லாத்தையும் சேத்துத் தைச்சுப்போட்டீங்கள்."

"வெயில்ல போட்டு அடிச்சா?"

"வெயில் நல்லதுதான். ஆனா இவ்வளவு மொத்தத்தில அடிவரைக்கும் போகாது. பழசை எடுத்துப்போட்டுப் புதுசு செய்யுங்கோ. உள்ள என்ன அடைக்கிறீங்கள் எண்டது ஒரு பங்குதான். அதை எந்தத் துணியால மூடுறீங்கள் எண்டது மற்றப் பங்கு. நெருக்கி நெய்த துணி, ஆறு பக்கமும் மூடின உறை. விரிப்பைக் கிழமைக்கு ஒருக்கா நல்ல சுடுதண்ணியில தோய்க்கவேணும். தம்பிக்கு வேற ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கோ?"

அஸ்ஹான் மாமியைப் பார்த்தான். "இல்ல டொக்டர்."

அந்த "இல்ல"வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த ரிப்கா மெத்தையை முற்றத்துக்கு இழுத்து, கத்தரிக்கோலை எடுத்தாள். றிஷானாவை ஐந்து யார் தூரம் தள்ளி நிற்கச் சொன்னாள்; அஸ்ஹானை அடுத்த வளவுக்கே அனுப்பினாள். மேல்தட்டுப் பஞ்சு வெள்ளை. நடுவில் மஞ்சள். அடியில், மகள் தவழ்ந்த வருசமும் பள்ளிக்கூடம் போன வருசமும் சேர்த்த பஞ்சு சாம்பல் நிறத்தில் கட்டிபட்டுக் கிடந்தது. கையால் தொட்டதும் புகை எழும்பியது. ரிப்காவுக்கே தும்மல் வந்தது. அந்தத் தும்மலில் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல் நங்கூரத்தோடு திரும்பி நின்றதாகச் சொல்வார்கள். நான் கப்பலைப் பார்க்கவில்லை, தும்மலைக் கேட்டேன்.

பிறகு அந்தப் பஞ்சுக்கு நடுவில் குந்தி இருந்தாள். அழவில்லை. ஆனால் நெடுநேரம் எழும்பவும் இல்லை.

"நல்லதெல்லாம் சேத்து வைச்சனான்," என்றாள் கடைசியில். "சேத்து வைச்சதாலேயே கெட்டுப் போச்சு."

ஸெய்னுதீன் அப்போது பகிடி விடவில்லை. சாக்கை விரித்துப் பிடித்தார்.

இனி எதை அடைப்பது? பஞ்சு வேண்டாம் என்றதும் ரிப்காவின் மனம் தேங்காய்த் தும்புக்குப் போனது. கடையில் தும்புப் பலகை ஒன்றைக் கண்டாள். தூசு பறக்கவில்லை, கட்டியாக இருந்தது, தட்டினால் கதவு தட்டுவதுபோல் சத்தம் வந்தது. மகிழ்ந்துபோய் வாங்கினாள். அஸ்ஹான் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்தான்.

றிஷானா கண்டுவிட்டாள். "உம்மா! இவர்ட கையப் பாருங்க!"

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடித்துச் சிவந்திருந்தது.

"இது தும்புக்கா மகன்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "வேலையில றப்பர் கையுறை போட்டாலும் இப்பிடித்தான் வரும், மாமி."

அந்தத் தும்பை இறுக்கிப் பலகையாக்குவது றப்பர் பால் தெளித்துத்தான். மெத்தைக்காரியான தனக்கு அது தெரிந்தும் யோசிக்காமல் விட்டதற்குத் தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் படம் பிடித்து அனுப்பியதும் டொக்டர், றப்பர் பாலும் இவருக்கு ஆகாது, வேலையில் கையுறையையும் மாற்றச் சொல்லுங்கள் என்று பதில் போட்டார்.

"டொக்டர் கேட்டாங்களே, அப்ப ஏன் செல்லல்ல?" என்றாள் ரிப்கா.

"மாமிக்கு முன்னால... குறை செல்றமாதிரி இருக்குமெண்டு..."

"மெத்தையும் முதல் நாளே தெரியுமா?"

"முதல் ராவே தெரியும்."

"அடப் பாவி மகனே! மூணு கிழம மூச்சில்லாம இருந்தீங்களா, என்ட மூஞ்சி வாடுமெண்டு?"

"நீங்க இருவத்திரண்டு வருசம் சேத்தது மாமி. புதுமாப்புள எப்பிடிச் செல்ற?"

ரிப்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. மூன்றையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு அவள் ஒரு சட்டம் போட்டாள்: "இண்டையிலிருந்து நீங்க ஒரு நாளைக்கு ஒரு குறை செல்லவேணும். செல்லாம உங்களுக்குச் சோறு இல்ல."

மறுநாள் பகல் சோறும் மீன்குழம்பும் வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அஸ்ஹான் வியர்த்தான்.

"மாமி... இந்த மீனாணம்..."

"ம்?"

"நல்லா இரிக்கு."

"அது குறையில்ல. திரும்பச் செல்லுங்க."

"நல்லா இரிக்கு... ஆனா கொஞ்சம்... கூட நல்லா இரிக்கு."

ஸெய்னுதீனுக்குப் புரைக்கேறியது. சோறு கொடுத்துவிட்டார்கள்; முயற்சிக்காக.

இதற்கிடையே தலைப்பிறைக்குப் பதினான்கு நாள்தான் மிச்சம். ரிப்கா இப்போது அவசரப்படவில்லை. வாங்குமுன் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கேட்டு எடுத்து, அஸ்ஹானின் கையில் வைத்து, அவன் முகத்தைப் பார்த்தாள். "செல்லுங்க. பொய் செல்லாம செல்லுங்க." ஒன்று மணக்கிறது என்றான். ஒன்று சுடுகிறது என்றான். மூன்றாவது, றப்பர் பால் கலக்காத நெருக்கமான ஸ்பொஞ்ச், கையில் ஒரு நாள் கிடந்தும் ஒன்றும் செய்யவில்லை. புது ஸ்பொஞ்சுக்கு இருக்கும் மருந்து வாடை போகட்டும் என்று கடற்காற்றுப் படும் விறாந்தையில் ஐந்து நாள் நிறுத்தி வைத்தாள். பஞ்சைத் தவிர வேறெதையும் மெத்தை என்று ஒத்துக்கொள்ளாதவள், தினமும் அதற்கு முன்னால் போய் நின்று, பெண் பார்க்க வந்தவள்போல் மேலும் கீழும் பார்த்தாள்.

மிச்சம் இருந்தது துணி. திருகோணமலைப் புடைவைக் கடைக்கு ஒரு பையில் கோதுமை மாவோடு போனாள். கடைக்காரர் பிரகலாதன் வழமையாக அவளுக்கு மெத்தைத் துணி கொடுப்பவர்.

"வாங்கோ அக்கா. மெத்தைத் துணியோ?"

"ஓம் தம்பி. ஒவ்வொரு துணியிலயும் ஒரு முழம் தாங்க, சோதிச்சுப் பாக்கவேணும்."

துணியில் மாவை வைத்து மூட்டையாக முடிந்து மேசையில் ஓங்கி அடித்தாள். வெள்ளைப் புகை எழும்பியது. "இது வேணாம்." அடுத்தது. மறுபடி புகை. ஆறாவது துணியில் பிரகலாதனின் மீசை நரைத்துவிட்டது.

"அக்கா, துணி வாங்க வந்தனீங்களோ, ரொட்டி சுட வந்தனீங்களோ?"

"மாவையே பிடிக்காத துணி பூச்சிட தூசியப் பிடிக்குமா தம்பி? இன்னும் நெருக்கமா நெய்தது காட்டுங்க."

பிரகலாதன் உள்ளே போய், தூசு தட்டி, யாரும் கேட்காததால் அடியில் கிடந்த ஒரு பருத்தித் துணியை எடுத்து வந்தார். ரிப்கா அடித்தாள். புகை இல்லை. இரண்டு கையாலும் அடித்தாள். மேசைதான் ஆடியது. மாவு நின்றால் தூசிப்பூச்சியின் தூசியும் நிற்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் துணியின் ஒரு துண்டை டொக்டரிடமும் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல நெருக்கம் அம்மா, தைச்சுப் பாருங்கோ. முட்டு குறையுதோ எண்டதுதான் சரியான சோதனை" என்றார்.

சிப் வைத்து, ஆறு பக்கமும் மூடி, சிப்பின் வாயிலும் ஒரு மடிப்புத் துணி வைத்து அவள் தைத்தாள். தலையணைக்கும் அதே துணி. அறைக்குள் கிடந்த கம்பளம், அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பெட்டி எல்லாம் வெளியே போயின. மெத்தை உயரம் ஆறு அங்குலம்தான். முக்காலிக்கு வேலையில்லை; சீனன்குடாவும் தெரியாது.

முதல் நாள் காலையில் நான்கு தும்மல். மூன்றாம் நாள் ஒன்று. ஐந்தாம் நாள் ஸெய்னுதீன் பழக்கத்தில் பதில்களைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார், தும்மல் வரவில்லை. "நான் செலுத்தினது அடுத்த மாசத்துக்குக் கணக்கு" என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தார்.

பழைய பஞ்சு சாக்கில் கிடந்தது. எறிய ரிப்காவுக்கு மனம் வரவில்லை. இலவம்பஞ்சு நனைந்தாலும் இலேசில் தாழாது என்பது அவளுக்குத் தெரியும். பார சீலை என்னும் தடித்த துணியில் அடைத்து, வள்ளக்காரருக்கு இருக்க இருபத்திரண்டு திண்டு தைத்துக் கொடுத்தாள்; திறந்த கடற்காற்றில் அந்தத் தூசி யார் மூக்கிலும் தங்கி நிற்காது. அதில் ஒன்று கடலில் விழுந்து இலங்கைத்துறையில் கரை ஒதுங்கியபோது, அதன்மேல் ஒரு நண்டு சாய்ந்து இருந்து காற்று வாங்கியதாம். பார்த்தவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். நண்டின் கால்மேல் கால் இருந்ததை மட்டும் நான் சேர்த்தேன்.

தலைப்பிறைக்கு முதல்நாள் பகல் ஸுல்பிகா வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை, மகனின் உடுப்பு வைக்க ஒரு பெட்டியும் கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டாள். உள்ளே இருமல் இல்லை. ஆனால் ஒரு ஆண்குரல் கேட்டது.

"மாமி, ஆணத்தில உப்பு இல்ல. நேத்தும் இல்ல. விறாந்தை லைற் நாலு நாளா எரியுதில்ல, நான் மாத்தட்டா? மாமா லொறிய என்ட பைசிக்கிளுக்கு மேல விடுறாரு. இன்னொண்டு, தலையணை உயரம் ஒரு விரல் பத்தாது. கழுத்து வலிக்கு."

ஸுல்பிகா பெட்டியை நிலத்தில் வைத்தாள். "மச்சி, இது என்ட மகனா?"

"ஓம் மச்சி. ஒரு நாளைக்கு ஒண்டு செல்லச் சொன்னனான். இவர் முழு மாசத்துக்கும் இண்டைக்கே செல்றாரு."

"எங்கட வீட்டில இருவத்தாறு வருசம் இவன் உப்பில்லெண்டு வாய் திறக்கல்ல..." மகனின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிய கன்னம் நிறைந்திருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு கொண்டுவந்த பெட்டியை யாருக்கும் தெரியாமல் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"பெட்டி எதுக்கு மாமி?" என்று றிஷானா அப்பாவிபோல் கேட்டாள்.

"அதுவா? உங்கட உம்மாட தலையணை ரெண்டு கொண்டு போகத்தான், மகள். எனக்கும் விடியச் சாமத்தில தும்மல் வருது."

ரிப்கா உள்ளே போய் மருமகனின் தலையணையை எடுத்து வந்தாள். உயரம் ஒரு விரல் குறைவு. அவன் சொன்னது சரிதான். தையலைப் பிரித்தாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள், ஊசியில் நூலைக் கோத்தாள்.

"உப்பு மேசையில இரிக்கு மகன்," என்றாள். "போட்டுக்கோங்க. இது உங்கட வீடு."